அறிமுகக் குறிப்பில் வராத ஆண்டுகள்

என்னை அறிமுகம் செய்த மாணவி, முப்பது வருடத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். படிப்பு, வேலை, சொந்தத் தொழில், அப்புறம் ஆசிரியர் பணி என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. அவர்மேல் குறையில்லை, குறிப்பை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், ஒரு டிராயிங்கில் துளையின் விட்டத்தை 25 மில்லிமீட்டருக்குப் பதில் 26 என்று போட்டுவிட்டேன். நாற்பது வார்ப்புகளில் துளை போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. ஃபோர்மேன் திட்டவில்லை. ஒரு வார்ப்பையும் தண்டையும் என் கையில் கொடுத்து, "நீங்களே மாட்டிப் பாருங்க தம்பி" என்றார். லொடலொடவென்று ஆடியது. துளையை இன்னும் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்ற உலோக வளையம் இறக்கி, நாற்பதையும் மீட்க மூன்று வாரம் லேத்தில் நின்றேன். டிராயிங் போடக் கற்றுக்கொண்டது அந்த மூன்று வாரத்தில்தான்.

பொறியியல் தொழிலிலும் கல்வியிலும் தலைமைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர்களுடைய குறிப்புகளிலும் இப்படி விட்டுப்போன இடங்களைத்தான் நான் தேடுவேன்.

மோரிஸ் சாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தைவானில் சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி கம்பெனியின் நிறுவனர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவர். முனைவர் படிப்புக்கான தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றார். சரி, வேலைக்குப் போவோம் என்று 1955இல் கிளம்பினார். ஃபோர்டு கார் கம்பெனி மாதம் 479 டாலர் தருவதாகச் சொன்னது; செமிகண்டக்டர் வேலைக்கு அழைத்த சில்வேனியா கம்பெனி 480. அந்த ஒரு டாலர் வித்தியாசத்தில் செமிகண்டக்டர் பக்கம் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். 1958இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியே அவரை ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்க அனுப்பியது. தவறிப்போன முனைவர் பட்டம் 1964இல் கைக்கு வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் வேலை பார்த்த காலத்தில் ஒன்றைக் கவனித்தார்: சொந்தமாகச் சிப் வடிவமைக்க ஆசைப்பட்ட பொறியாளர்கள், தொழிற்சாலை கட்டப் பணமில்லாமல் தயங்கினார்கள். 1987இல், 55 வயதில், அவர்களுக்காகவே ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். சொந்தச் சிப் கிடையாது, அடுத்தவர் வடிவமைத்ததைச் செய்து தருவது மட்டுமே வேலை.

ஹோண்டா கம்பெனியைத் தொடங்கிய சொய்சிரோ ஹோண்டா வேறு மாதிரி. முதலாளியான பிறகு வகுப்பில் போய் உட்கார்ந்தவர். என்ஜினுக்காக அவர் செய்த பிஸ்டன் வளையங்கள் சரியாக வரவில்லை, காரணமும் பிடிபடவில்லை. உலோகவியல் தெரியாததுதான் கோளாறு என்று புரிந்ததும் ஹமாமட்சு தொழில்நுட்பப் பள்ளிக்குப் போனார். வளையத்துக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டார், தேர்வு எழுதவில்லை. இதை உங்கள் ஆசிரியர்கள் முன்னால் நான் சொல்லியிருக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தவர் பிரெடரிக் டெர்மன். கம்பெனி நடத்திப் பேர் வாங்கியவர் இல்லை, வாத்தியார். 1924இல் எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே வேலையும் தயாராக இருந்தது. கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டில் இருந்த வீட்டுக்கு வந்த இடத்தில் காசநோய் படுக்க வைத்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு படுக்கை. குளிர்ப் பிரதேசத்துக்குத் திரும்பிப் போகும் உடம்பு இல்லை என்று ஸ்டான்ஃபோர்டிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். அந்த நோய் வராமல் இருந்தால், ஸ்டான்ஃபோர்டைச் சுற்றி வளர்ந்த சிலிக்கான் பள்ளத்தாக்கு எங்கே முளைத்திருக்குமோ!

அவருடைய மாணவர்கள்தான் ஹியூலெட் பேக்கார்டு (ஹெச்பி) கம்பெனியைத் தொடங்கிய ஹியூலெட்டும் பேக்கார்டும். பேக்கார்டு படித்து முடித்து ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலைக்குப் போய்விட்டார். உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து அவரைத் திரும்ப அழைத்தவர் டெர்மன். 538 டாலர் முதலில், பாலோ ஆல்டோவில் ஒரு கார் ஷெட்டில் வேலை ஆரம்பமானது. செய்தது ஒலி அலையியற்றி, அதாவது சோதனைகளுக்கு வேண்டிய ஒலி அதிர்வெண் சிக்னலை உண்டாக்கும் கருவி. அதன் உயிர் ஒரு சின்ன மின்விளக்கில் இருந்தது. சிக்னல் கூடினால் விளக்கின் இழை சூடாகும். சூடானால் மின்தடை கூடும். தடை கூடினால், சிக்னலை அடக்கும்படி திருப்பி அனுப்பப்படும் பங்கு, அதாவது எதிர்ப் பின்னூட்டம் கூடி, சிக்னல் தானாக அடங்கும். யாரும் தொடாமலே அளவு நிலையாக நிற்கும். இது ஹியூலெட் மாணவராக இருந்தபோது செய்த ஆய்வு.

முதல் கருவிக்கு 200ஏ என்று பெயர் வைத்தார்கள். புதுக் கம்பெனி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்! விலை 54.40 டாலர். போட்டியாளர்களின் விலையோ 200 டாலருக்கு மேல். விலையைச் சொல்லிவிட்ட பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள். அந்த விலைக்குச் செய்யவே கட்டுப்படியாகவில்லை. பாடத்தில் இருவரும் கெட்டிக்காரர்கள். விலை போடுவதை டெர்மன் வகுப்பில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டெர்மன் ஸ்டான்ஃபோர்டின் பொறியியல் புலத்தின் தலைவராக வந்தார். பல்கலைக்கழக நிலத்தில் 1951இல் தொழிற்பூங்கா வந்ததற்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். பிற்பாடு ஹியூலெட் பேக்கார்டும் அங்கேதான் குடியேறியது. வாத்தியாரும் மாணவர்களும் மறுபடி நடந்து போகும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. கேள்விகளுக்குப் போகலாம். கடைசி வரிசையில், அரியர் இருப்பவர் வேலைக்குப் போகலாமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டீர்களே, அதையே மைக்கில் கேளுங்கள்.