அட்ரினலின் நுழையாமலே செய்தி நுழைவது எப்படி?

[காட்சி: செல் சவ்வின் குறுக்குவெட்டு. அதை ஏழு சுருள்களால் ஊடுருவி நிற்கும் ஒரு புரதம்.]

தன் செய்தியைச் சேர்க்க அட்ரினலின் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. செல் சவ்வில் பதிந்து செய்தியைப் பெறும் புரதமான பீட்டா-2 ஏற்பியின் வெளிப்புறக் குழியில் சற்றே அமர்ந்துவிட்டு அது விலகிவிடுகிறது. அதற்குள் உட்புறத்தில் வேதிவினைகள் தொடங்கிவிடுகின்றன. ஏற்பி பூட்டு, அட்ரினலின் சாவி என்ற பழைய உவமை இந்தக் குழியோடு நின்றுவிடுகிறது. சவ்வின் மறுபக்கத்தில் நடப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

[காட்சி: ஏற்பியின் முப்பரிமாண வடிவம்.]

சவ்விலிருந்து பிரித்தெடுத்தால் ஏற்பி எளிதில் நிலைகுலையும். ஓயாமல் வடிவம் மாறுவதால், எக்ஸ்-கதிர் ஆய்வுக்குத் தேவையான படிகமாகவும் லேசில் அமையாது. எனவே பிரையன் கோபில்கா, ரேமண்ட் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் குழுக்கள், ஏற்பியின் துவளும் உட்புற வளையம் ஒன்றை நீக்கி, அங்கே நன்கு படிகமாகும் லைசோசைம் என்ற புரதத்தைப் பொருத்தி, 2007இல் அதன் வடிவத்தைத் தெளிவாகக் கண்டன. அது செயலற்ற நிலை. ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தோடு பிணைந்த செயல்நிலையை 2011இல் கோபில்காவின் குழு வெளியிட்டது. அடுத்த ஆண்டே கோபில்காவுக்கும் இவ்வகை ஏற்பிகளை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்சுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

[காட்சி: இரு நிலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக. ஆறாவது சுருள் வேறு நிறத்தில்.]

இரண்டையும் ஒப்பிட்டால், குழியருகே ஐந்தாவது சுருள் ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே உள்நோக்கி நகர்ந்திருக்கிறது. ஆனால் செல்லின் உட்புறத்தில் ஆறாவது சுருளின் முனை சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே விலகியிருக்கிறது. ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் என்றாலும், மூலக்கூறு அளவில் இது பெரும் பெயர்ச்சி. அதனால் திறக்கும் இடைவெளியில் ஜி புரதத்தின் வால்முனைச் சுருள் நுழைகிறது. உடனே அப்புரதத்தின் ஆல்ஃபா அலகு இரண்டாகப் பிளந்து விரிய, அது பிடித்திருந்த குவானோசின் டைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு வெளியேறி, செல்லில் மிகுந்திருக்கும் குவானோசின் ட்ரைபாஸ்பேட் அவ்விடத்தைப் பிடிக்கிறது. ஏற்பியிலிருந்து பிரியும் ஆல்ஃபா அலகு அடினைலைல் சைக்ளேஸ் நொதியைத் தூண்ட, செல்லுக்குள் செய்தியைப் பரப்பும் சுழல் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அட்ரினலின் போன்ற தூண்டும் மூலக்கூறு மட்டும் இருந்தால் ஏற்பி பல வடிவங்களுக்கிடையே ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. ஜி புரதமும் வந்து பிணைந்தால்தான் செயல்நிலை உறுதிப்படுகிறது. அப்படி உறுதிப்பட்டதும் வெளிப்புறக் குழி தூண்டும் மூலக்கூறை முன்னைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே செய்தி ஒருவழிப் பாதையில் செல்வதில்லை. உள்ளிருந்து வெளியேயும் தாக்கம் பாய்கிறது.

[காட்சி: ஏற்பியின் வாலில் பாஸ்பேட் குழுக்கள். அரெஸ்டின் நெருங்குகிறது.]

தூண்டல் நீடித்தால் கைனேஸ் நொதிகள் ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டுகளைச் சேர்க்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு வரும் அரெஸ்டின் என்ற புரதம், ஜி புரதம் நுழைந்த அதே இடைவெளியை அடைத்து, ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவும் வழி செய்கிறது.