நானூற்று மூன்று தேங்காய்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு எல்.பி. ஸ்கூலில், அதாவது தொடக்கப் பள்ளியில், 31 வருடம் தமிழ் வழியில் பாடம் நடத்தியவள் நான். ஒரே வகுப்பில் இருக்கிற குழந்தைகளுக்கு அவரவர்க்குத் தக்கபடி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வது முதலாவது. ஒரே டீச்சர் ஒரே வகுப்பைப் பல விதமாக நடத்துவது இரண்டாவது. சட்டென்று முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் குழந்தைகளும், கண் காது சரியாக இல்லாத குழந்தைகளும் மூன்றாவது.

முதலில் எங்கள் பக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று பொள்ளாச்சிப் பக்கமும் கோவைப் பக்கமும் ஒட்டிக்கிடக்கிற ஊர்கள். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது நாங்கள் கேரளத்தில் இருந்தோம். அதற்கும் முன்னால், ராஜாக்கள் காலத்தில், சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. கோடு எங்கே போட்டாலும் வீட்டுப் பேச்சு மாறுமா? என் வகுப்பில் தமிழ் பேசுகிற வீட்டுக் குழந்தை இருக்கும், அம்மா மலையாளம் அப்பா தமிழ் என்று இருக்கும், வீட்டில் தெலுங்கு பேசிவிட்டு வாசலைத் தாண்டியதும் தமிழுக்கு மாறுகிற குழந்தையும் இருக்கும். பஸ்ஸில் பலகை மலையாளம், சந்தையில் பேச்சு தமிழ். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்துதர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தில் 350அ என்ற பிரிவு இருக்கிறது. அதுவும் 1956-இல் சேர்த்ததுதான். எங்களைப் போன்ற பள்ளிக்கூடங்களுக்கு அது பெரிய பலம். ஆனால் தமிழ் வழி என்று பெயர்ப்பலகை இருந்துவிட்டால் உள்ளே இருக்கிற 32 குழந்தைகளுக்கும் ஒரே தமிழ் என்று ஆகிவிடாது.

ஒரு மூன்றாம் வகுப்புப் பரீட்சை. மழையைப் பற்றிய பாடம். கேள்வி, 'வெள்ளம் வந்தால் நீ என்ன செய்வாய்?' மேட்டுப் பக்கம் போவேன், வீட்டுக்குள் இருப்பேன் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும், 'ஓடிப்போய்க் குடத்தை எடுத்து வந்து பிடித்து வைப்பேன்' என்று எழுதியிருந்தாள். நான் பெருக்கல் குறி போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தக் குழந்தை முகத்தில் அழுகை இல்லை, குழப்பம்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அம்மா மலையாளம் பேசுகிறவர். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் கோடையில் குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடத்தான் வேண்டும். அந்தக் குழந்தை தனக்குத் தெரிந்த வெள்ளத்துக்குச் சரியான பதிலை எழுதியிருக்கிறது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு அந்தக் குறியை அடித்துவிட்டு மார்க் போட்டேன். அப்புறம் இரண்டு வெள்ளத்தையும் பலகையில் எழுதி எல்லோரையும் பேச வைத்தேன். தெலுங்கு வீட்டுக் குழந்தை ஒன்று எழுந்து, 'எங்க வீட்ல நீளுன்னு சொல்லுவோங்க டீச்சர்' என்றது. அன்றைக்குக் கிடைத்த பாடம் புத்தகத்தில் இல்லை.

சரி, இப்போது தேங்காய்க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் வேலையையே மாற்றியது இதுதான்.

1990-களில் என் நாலாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், இன்றைக்கு அவனே ஒரு குழந்தைக்குத் தகப்பன். அப்பா தோப்புகளில் தேங்காய் உரிக்கிற வேலை. காய் வெட்டுகிற நாள் என்றால் பையன் பள்ளிக்கு வரமாட்டான், தோப்பில் இருப்பான். கழித்தல் கணக்கு மட்டும் அவனுக்கு வரவே வராது. நேயர்கள் மனசிலேயே போட்டுப் பாருங்கள். 403-இல் 178 போனால் எவ்வளவு? அவன் 375 என்று எழுதுவான். எட்டு தடவை சொல்லிக்கொடுத்தாலும் 375. கடன் வாங்கு, கடன் வாங்கு என்று நானும் கத்தியிருக்கிறேன். கவனம் இல்லாத பையன் என்று அவன் அப்பாவிடம் சொல்லியும் இருக்கிறேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை வீட்டு உபயோகத்துக்குத் தேங்காய் வாங்க ஒரு தோப்புக்குப் போனேன். களத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கைக்கு ஒன்றாக இரண்டிரண்டாக எடுத்துப் போடுவார்கள். நூறு சேர்ந்ததும் தனிக் குவியல், நூற்றுக்கு இத்தனை என்று வியாபாரிக்கு இனாமாகக் கொடுக்கிற லாபக்காய் தனி. கணக்கு வைத்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? நம் பையன்தான். பெரியவர்கள் அவனைக் கேட்டுத்தான் வண்டியில் ஏற்றினார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் போய், 'ஏன் கண்ணு, நானூற்று மூணு காய் இருக்குது, நூற்று எழுபத்தெட்டு வண்டியில் ஏத்தியாச்சு, மிச்சம் எவ்வளவு?' என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: 'நூத்தி எழுவத்தெட்டுக்கு ரெண்டு போட்டா நூத்தி எம்பது, இன்னும் இருவது போட்டா எரநூறு, இன்னும் எரநூறு போட்டா நானூறு, மேல மூணு. எரநூத்தி இருவத்தஞ்சுங்க டீச்சர்.'

சரியான விடை, 225. பள்ளிக்கூடத்தில் 375 எழுதுகிற அதே பையன்.

அன்று இரவு அவனுடைய பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேயர்களே, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். 375 எப்படி வந்தது? 3-இல் 8 போகாது, அதனால் அவன் 8-இல் 3-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறான். 0-வில் 7 போகாது, அதனால் 7. 4-இல் 1 போனால் 3. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். நோட்டு முழுக்க, ஒரு கணக்கு விடாமல், அதே முறை. அவன் கவனமில்லாமல் எழுதவில்லை. ஒரு விதியை மிகக் கவனமாகப் பின்பற்றியிருக்கிறான், விதி தப்பு. தப்பான விடையைத் திருத்துகிறோம், அதைப் படிப்பதில்லை. நான் மூன்று மாதம் திருத்தினேன், ஒரு நாள்கூடப் படிக்கவில்லை.

திங்கட்கிழமை அவனையே பலகைக்குக் கூப்பிட்டு, தோப்பில் சொன்னதை எழுத வைத்தேன். இரண்டு, இருபது, இருநூறு, மூன்று. கூட்டினால் 225. அதுவரை கழித்தல் வராமல் இருந்த இன்னும் நான்கு குழந்தைகள் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்ததாக ஈர்க்குச்சியை எடுத்தேன். பத்துப் பத்தாகக் கட்டி, அந்தப் பத்துக் கட்டைச் சேர்த்து நூறு கட்டு. நாலு நூறு கட்டும் மூணு உதிரியும் கொடுத்து, இதில் 178 எடு என்றேன். 'உதிரி மூணுதான் இருக்குது, எட்டு வேணும்னா ஒரு நூறைக் கலைக்கோணுங்க டீச்சர்' என்றான். கலைத்தால் பத்துக் கட்டு பத்து. அதில் ஒன்றைக் கலைத்தால் உதிரி 13, பத்துக் கட்டு 9. அந்த 9 எங்கிருந்து வந்தது என்று நான் வருடக்கணக்காகப் பலகையில் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிடத்தில் அவன் கைக்குள் இருந்தது. வேறு கணக்கைக் கொடுக்கவில்லை, சுலபமான கணக்கையும் கொடுக்கவில்லை. அதே 403, அதே 178. அவனுக்குப் பழக்கமான பக்கத்திலிருந்து உள்ளே விட்டேன், அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு ஊர். தெருவில் வியாபாரம் செய்கிற 9 வயது முதல் 15 வயது வரையிலான ஐந்து குழந்தைகளிடம் சாமான் வாங்குகிற மாதிரி போய்க் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். பிறகு அதே கணக்குகளைப் பள்ளிப் பரீட்சை மாதிரி கொடுத்திருக்கிறார்கள். 1985-இல் வந்த ஆய்வு. தெருவில் நூற்றுக்கு 98 விடை சரி. வெறும் எண்ணாகக் கேட்டபோது நூற்றுக்கு 37-தான் சரி. அதில் ஒரு பையன் விற்றது என்ன தெரியுமா? தேங்காய்! ஒரு காய் 35, நாலு காய் எவ்வளவு என்றால், மூணு காய் 105, அதோடு 35, ஆக 140 என்கிறான். 35-ஐ நாலால் பெருக்கு என்று தாளைக் கொடுத்தால் 200 என்று எழுதுகிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் என் பையன் இன்னொருவன் நின்றுகொண்டிருந்தான்.

இரண்டாவது விஷயம். 32 குழந்தைக்கு ஒரு டீச்சர், தனித்தனியாகப் பார்க்க நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாலு குழந்தை. அந்த நாலு பேரின் நோட்டை மேசையில் அடுக்கி வைத்துத் திருத்தமாட்டேன், குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 'இதை எப்படிப் போட்டாய், சொல்லு' என்று கேட்பேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். எட்டு வேலை நாளில் வகுப்பு முழுதும் ஒரு சுற்று வந்துவிடும். அந்த இருபது நிமிடம் மற்றவர்களுக்கு வேலை இருக்க வேண்டும். கதைப் பாடம் என்றால் எல்லோருக்கும் ஒரே கதைதான். எழுத்துக் கூட்ட முடியாதவர்கள் கதையைக் கேட்டுவிட்டுப் படம் போட்டு அதன் கீழே ஒரு வார்த்தை எழுதுவார்கள், வாசிக்கிறவர்கள் ஜோடியாக வாசிப்பார்கள், சரளமாக வாசிக்கிறவர்கள் முடிவை மாற்றி எழுதுவார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரே கதையைப் பற்றிப் பேசுவோம். கதையைப் பிரித்துவிட்டால் குழந்தைகளையும் பிரித்துவிடுவோம், அதை நான் செய்ததில்லை.

ஒரு தடவை பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், இது வகுப்பா சந்தையா என்று கேட்டார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஏதாவது ஒரு குழந்தையிடம் பேசிப் பாருங்கள் சார் என்றேன், உட்காராமல் போய்விட்டார். பெற்றோரும் கேட்பார்கள். ஒரு அப்பா வாசலில் வந்து நின்று, 'ஏனுங்க டீச்சர், எம் பையன் மட்டும் ஏனுங்க இன்னும் புளியங்கொட்டை எண்ணீட்டு இருக்கறான்?' என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். பையனை மட்டம் தட்டி ஒதுக்கிவிட்டார்களோ என்ற பயம். அவரையும் உள்ளே கூப்பிட்டுப் பையன் பக்கத்தில் உட்கார வைத்தேன். அரைமணி நேரம் இரண்டு பேரும் புளியங்கொட்டையில் வகுத்தல் போட்டார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இதற்காகப் பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியில் உருவான, குழந்தை தன் வேகத்தில் படிப்படியாக ஏறுகிற ஏணி முறையை எடுத்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கினார்கள். அட்டைகள், குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை, குழந்தைகள் எழுதியதைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல் எல்லாம் வந்தன. 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. தொடங்கும்போது 1 முதல் 3 வரை உள்ள வகுப்புகளில் குழந்தைகளை, கற்ற அளவைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு, அழகான பெயர்கள். ஒரே ஒரு கவலை எனக்கு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் உள்ள என் சொந்தக்காரர் வீட்டில் ஒரு குழந்தையிடம் எந்த ஸ்கூல் கண்ணு என்று கேட்டேன். ஸ்கூல் பெயரைச் சொல்லிவிட்டு, 'நான் அரும்பு' என்றும் சேர்த்துச் சொன்னது. கணக்கில் அரும்பாக இருக்கிற குழந்தை கதை சொல்வதில் மலராக இருக்கலாம். தோப்பில் நின்ற பையனை எந்தக் குழுவில் வைப்பீர்கள்? குழுவை வாரத்துக்கு ஒரு தடவையாவது, பாடத்துக்குப் பாடம், கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மூன்றாவது விஷயத்துக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது. முதலில் முடிக்கிற குழந்தைக்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுக்காதீர்கள், அது தண்டனை மாதிரி. அதே கணக்குக்கு இன்னொரு வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு கணக்கை அவர்களையே உருவாக்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அதில் கற்றல் குறைபாடும் உண்டு, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற குழந்தையைச் சோம்பேறி என்று அடிக்காதீர்கள். பெற்றோர் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு ராத்திரியே குழந்தையை அறையின் இந்தக் கோடியில் நிறுத்தி, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருக்கிற தினசரிக் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த கண். தடுமாறினால் நாளைக்கே டீச்சரிடம் சொல்லி முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், கண் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். காதுக்கும் இதே மாதிரி ஒன்று வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.