மலேரியா எண்ணிக்கை ஏறினால் திட்டம் தோற்றதா? ஒடிசா மலைக் கிராமங்கள் காட்டும் கணக்கு

வணக்கம். மலேரியா ஒழிப்புப் பணி தொடங்கிய முதல் ஆண்டிலேயே ஒரு கிராமத்தின் நோயாளிகள் எண்ணிக்கை இரண்டரை மடங்காகிவிட்டால், திட்டம் தோற்றது என்றுதானே சொல்லத் தோன்றும்? பல சமயம் அது திட்டம் வேலை செய்யத் தொடங்கிவிட்டதன் முதல் அடையாளம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 2016-இல் ஒடிசாவில் ஏறத்தாழ 4.4 லட்சம் பேருக்கு மலேரியா பதிவானது. அடுத்த ஆண்டு, எளிதில் சென்றடைய முடியாத ஊர்களுக்கென்றே 'தமன்' என்ற திட்டத்தை மாநில அரசு தொடங்கியது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் முகாம்தான். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் முகாம் நடத்தி, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரார் அனைவரையும் பரிசோதிக்கிறார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத் துளியைப் பரிசோதனை அட்டையில் விட்டு, கரைசலைச் சொட்டி, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். 'C' என்று குறித்த இடத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அட்டை சரியாக இருக்கிறது, மலேரியா இல்லை என்று பொருள். கூடவே இன்னொரு கோடும் எழும்பினால், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் அந்த மனிதரின் உடலில் கிருமி இருக்கிறது. காய்ச்சலே இல்லாத அவர் மருத்துவமனைப் பக்கம் போகமாட்டார். ஆனால், கொசு அவரிடமிருந்தும் கிருமியை எடுத்துச் செல்லும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரில் முன்பு காய்ச்சல்காரர்கள் 100 பேரைச் சோதித்து 10 பேருக்குக் கண்டறிந்தார்கள், முகாமில் 500 பேரைச் சோதித்து 25 பேருக்குக் கண்டறிந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை கூடியிருக்கிறது, விகிதமோ 10 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. இந்த இரண்டையும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முன்பு சோதித்தது காய்ச்சல்காரர்களை மட்டும், இப்போது சோதித்தது ஊர் முழுவதையும். அதே ஊரில், அதே பருவத்தில் நடந்த முந்தைய முகாமோடு ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும்.

2018-இல் மாநிலத்தின் எண்ணிக்கை சுமார் 66 ஆயிரமாகச் சரிந்தது. மகத்தான சாதனைதான், ஆனாலும் 2017-இல் மருந்தேற்றிய கொசுவலைகள் ஒரு கோடிக்கும் மேல் வழங்கப்பட்டிருந்ததால், இந்தப் பெருமையில் முகாமின் பங்கு எவ்வளவு, வலையின் பங்கு எவ்வளவு என்று மாநில எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு, வலை மட்டும் பெற்ற ஊர்களையும் இரண்டும் பெற்ற ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வலையை மதிப்பிடுவதிலும் பதிவேட்டிலுள்ள கையெழுத்து போதாது. விடியற்காலையில் வீட்டுக்குள் போய், அது கட்டியிருக்கிறதா, யார் அதற்குள் படுத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

முகாம் நாளில் மலைச்சரிவு விளைநிலத்துக்கும் காட்டுக்கும் போய்விட்டவர்களையும் எண்ணியாக வேண்டும். சோதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் என்று மட்டும் சொல்லும் அறிக்கை, ஊரில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. களத்தில் பணியாற்றும் சுகாதார ஊழியர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், விடுபட்டவர்களை மறுநாள் எப்படித் தேடிப் பிடிக்கிறீர்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.