ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நடந்த நூலக ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு இடையிலும் ஐந்து மணிக்கே வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, இந்நூலகத்தின் தமிழ்ப் பிரிவுக்கு இரண்டு அலமாரிகள் வாங்கித் தந்த வார்டு உறுப்பினர் அவர்களே, தமிழ்வழிப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளே, வேலந்தாவளத்திலிருந்தும் எருத்தேம்பதியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகச் செயலாளருக்கு என் நன்றியைத் தனியே தெரிவித்துக்கொள்கிறேன். பதினோராண்டுகளாக மாலை தவறாமல் இந்தக் கதவைத் திறந்து வைக்கும் அவருக்குத்தான் அந்த ஆடை உரியது.

இணையத்தின் பயன், நம் அந்தரங்கம், பணத்தின் பாதுகாப்பு, பிள்ளைகளின் கையில் இருக்கும் கைப்பேசி ஆகிய நான்கையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சோகநாசினி ஆற்றங்கரைக்காரர்களாகிய நமக்கு நம் முன்னோர் சொன்ன ஒரு பழமொழியை முன்வைத்தே தொடங்குகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டபோது, பொள்ளாச்சிச் சந்தையின் தேங்காய் விலையை வண்ணாமடைத் தோப்பில் நின்றபடியே ஒருவர் பார்ப்பார் என்று யார் நினைத்தோம்? 2020-இல் கொரோனாவால் வாளையாற்றில் தமிழக எல்லை அடைபட்டு, அக்கரையில் உறவும் இக்கரையில் நாமுமாக நின்ற நாள்களில், ஜூன் முதல் தேதி கேரள அரசு தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் வந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நான் தேடியெடுத்த பழைய நூல்கள் கோவைக்குப் போயிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்கமாட்டா. விடுதியில் மாலை வேளையில் கைப்பேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும். இணையம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. எதை, எவ்வளவு, யாரிடம் கொடுக்கிறோம் என்ற கணக்கு மட்டும் பாக்கியிருக்கிறது.

அந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியம்மா. அவருக்கு வயது எழுபத்தொன்று. கணவர் போன பிறகு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். தமிழ்ச் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வரிவிளம்பரம் உட்பட, எழுத்துக்கூட்டாமல் படிப்பவர். சென்ற ஆண்டு ஒரு காலை, தேங்காய் விற்ற பணம் கணக்கில் ஏறிய மூன்றாம் நாள், அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசிய பெண் மலையாளத்தில் மிகப் பணிவாக, ‘அம்மே, உங்கள் பென்ஷன் மஸ்டரிங் முடியவில்லை, இந்த மாதம் பணம் நின்றுவிடும்’ என்றாராம். உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய ஆண்டுதோறும் சேவை மையத்தில் விரல் வைத்து மஸ்டரிங் செய்பவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு அச்சம் தரும் என்பது இங்கே முன்வரிசையில் இருக்கும் மூத்தோருக்குத் தெரியும். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. தொட்டார். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். பேரன் பள்ளிக்குப் போயிருந்தான். பக்கத்துத் தோப்புக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்திருக்கிறார். அதற்குள் அந்தப் பெண் ‘பச்சையை அமுக்குங்கள் அம்மே’ என்றார். அமுக்கினார். அடுத்த கேள்வி, அதையும் அமுக்கினார். உங்கள் குறுஞ்செய்திகளையெல்லாம் நான் படிக்கலாமா என்றுதான் அந்தச் செயலி கேட்டிருக்கிறது. வங்கி அனுப்பிய ஓடிபி எண் பெரியம்மாவின் கண்ணுக்கு எட்டும் முன்னரே வேறெங்கோ போய்விட்டது. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மூன்று தவணையாகக் கணக்கைவிட்டு இறங்கியது.

அவர் அழவில்லை. வெட்கத்தினால் அன்று முழுவதும் யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுநாள் மதியம் நான் போனபோது திண்ணையில் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இணையப் பண மோசடிக்கான உதவி எண்ணாகிய 1930-க்கு அழைத்தோம். ஒன்பதாயிரம் மட்டும் வழியிலேயே முடக்கப்பட்டுப் பின்னர் கிடைத்தது. அன்று அவர் என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன்: ‘ஏங்கண்ணு, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு தமிழ்ல போட்டிருந்தா நான் அமுக்கியிருப்பனா?’

தோப்பில் தேங்காயை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணிக் கொடுப்பவர் அவர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை எனக்குச் சிறுவயதில் சொன்னவரும் அவர்தாம். தெரியாத மொழியில் நீட்டப்பட்ட மரக்காலில் அவர் எப்படி அளப்பார்?

திருடனின் செயலி தமிழில் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் நேர்மையான வங்கியும் அலுவலகமும் ஒவ்வொரு நாளும் நமக்குப் புரியாத மொழியில் ஒப்புதல் கேட்டு, படிக்காமல் அமுக்கும் பழக்கத்தை நம் விரலில் ஏற்றிவிட்டிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில்தான் திருடன் அறுவடை செய்கிறான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியே வந்த 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் வாசகம் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்றும், ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அதைப் படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. தாளுக்கு இருந்த உரிமை கைப்பேசித் திரைக்கு வந்ததும் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி. ஊராட்சித் தலைவர் அவர்களை நோக்கியும் இதைப் பணிவோடு கேட்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல நேரமிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, தொடாதீர்கள். ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள்; விரல் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் ஆதார் தளத்தில் உண்டு. காவல்துறை என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று எவர் மிரட்டினாலும் அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. பணம் போனால் வெட்கப்பட்டு ஒரு நாளைக் கடத்தாமல் உடனே 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். நீங்கள் தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது.

வாயிற்புற மேசையில் ஒரு மனு இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் சேவை மையங்களிலும் வங்கிக் கிளைகளிலும் ஒப்புதல் வாசகம் தமிழில் அச்சிட்டு வைக்கப்பட வேண்டும். விரல் வைக்குமுன் அதை வாசித்துக் காட்ட வேண்டும். இந்நூலகத்தில் வாரம் ஒரு மாலை தமிழில் உதவி மேசை நடத்த ஊராட்சி இடமளிக்க வேண்டும். இந்த மூன்றே கோரிக்கைகள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற வரியை மனுவின் தலைப்பில் எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து என் பெரியம்மாவுடையது. மை டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று வாசகங்களையும் இரண்டு முறை படித்துப் பார்த்து, முழுப் பெயரையும் தமிழில் எழுதியிருக்கிறார். அவர் பெயருக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. பேனாவும் அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.