ஓபாமாவுக்குப் போட்ட ஊர் ட்ரம்புக்குப் போட்டது எப்படி? – நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் எலக்டோரல் காலேஜ் பற்றிய பேச்சுக்குப் பிறகு நிறையக் கேள்விகள் வந்தன. அதில் ஒன்று என்னை விடவே இல்லை. நேயர் ஒருவர் கேட்கிறார்: "அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நம் மாவட்டம் மாதிரி, ஹோவர்ட் கவுண்டி என்று சொன்னீர்கள். 2012-ல் ஜனநாயகக் கட்சி ஓபாமாவை 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்து, 2016-ல் குடியரசுக் கட்சி ட்ரம்பையும் அதேபோல் 20 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க வைத்த ஒரே கவுண்டி என்றீர்கள். நாலு வருஷத்தில் இப்படிப் புரள்வதற்குப் பணம் ஏதும் விளையாடியதா?"

பணம்தான் விளையாடியது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கவரில் வைத்து வீட்டுக்கு வந்த பணம் இல்லை. 2012-ல் மக்காச்சோள விலையாக வந்த பணம், 2016-ல் வராமல் போன பணம்.

முதலில் அளவைப் பாருங்கள். அந்தக் கவுண்டியில் மொத்த ஜனமே 10,000-க்குள்தான். 1900-ல் 14,000-க்கு மேல் இருந்தார்கள். விழும் ஓட்டு 5,000-க்குள். ஒருவர் கட்சி மாறினால் இங்கே ஒன்று குறையும், அங்கே ஒன்று கூடும். ஆகவே சுமார் ஆயிரம் பேர் மனம் மாறினாலே நீங்கள் சொல்லும் புரட்சி நடந்துவிடும். தலைநகர் கிரெஸ்கோ. பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் அந்த ஊர்ப் பக்கத்துப் பண்ணையில் 1914-ல் பிறந்தவர். அவரும் நம் எம்.எஸ்.சுவாமிநாதனும் சேர்ந்து கோதுமையில் செய்தது உங்களுக்குத் தெரியும். போர்லாக் ஆரம்பித்த உலக உணவுப் பரிசு முதன்முதலில், 1987-ல், போனதும் சுவாமிநாதனுக்குத்தான். சரி, அந்தப் பக்கம் போனால் திரும்பி வர மாட்டேன்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் பல்லவி தெரியும்: அயோவாவில் விலை முன்னாடி, கட்சி பின்னாடி. 1932-ஐ எடுங்கள். ஹெர்பர்ட் ஹூவர் அயோவா மண்ணில் பிறந்தவர், குடியரசுக் கட்சி, பதவியில் இருக்கும் ஜனாதிபதி. மக்காச்சோளம் விற்றால் கட்டுப்படியாகாது என்று அடுப்பில் போட்டு எரித்த காலம். சொந்த மாநிலமே அவரைத் தோற்கடித்தது. ஜனநாயகக் கட்சி ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக வந்த பிறகும் கோபம் ஆறவில்லை. நீதிபதி பிராட்லி கதையை முன்பே சொல்லியிருக்கிறேன், புதியவர்களுக்காக மறுபடி. 1933 ஏப்ரலில், லெ மார்ஸ் நகரில், கடனுக்காக நிலத்தைப் பறிமுதல் செய்யும் உத்தரவில் இனிக் கையெழுத்துப் போடக்கூடாது என்று விவசாயிகள் அவரிடம் சத்தியம் கேட்டார்கள். மாட்டேன் என்றார். கோர்ட்டிலிருந்து ஊருக்கு வெளியே இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டிவிட்டார்கள். கடைசியில் உயிரோடு விட்டார்கள், ஆனால் அவர் வாக்குக் கொடுக்கவே இல்லை. கவர்னர் ராணுவத்தை இறக்க வேண்டியதாயிற்று.

1948-ல் விஷயம் இன்னும் சுவாரசியம். அமோக விளைச்சல். ஆதரவு விலையில் அரசுக் கடன் வாங்க வேண்டுமென்றால் தானியத்தை ஒழுங்கான கிடங்கில் வைத்திருக்க வேண்டும். கூடுதல் கிடங்குக்கு அரசு ஏற்பாடு செய்ய முடியாதபடி, குடியரசுக் கட்சி கையிலிருந்த காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டத்தில் முட்டுக்கட்டை போட்டிருந்தது. கிடங்கு இல்லை, கடன் இல்லை, வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அப்போதைய ஜனாதிபதி, ஜனநாயகக் கட்சி ட்ரூமன், அயோவாவின் டெக்ஸ்டர் என்ற ஊரில் நடந்த உழவுப் போட்டிக்குப் போய் இதையே பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கினார். தோற்பார் என்று எல்லாரும் எழுதி வைத்த மனிதர் அயோவாவையும் ஜெயித்தார்.

1988? 1981-ல் ஏக்கர் 2,147 டாலருக்குப் போன அயோவா நிலம் 1986-ல் 787 டாலர். ஆட்சியில் இருந்தது குடியரசுக் கட்சி. நாடு முழுக்க 40 மாநிலங்களில் தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸை அயோவா 10 சதவீத வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. ஆக, புரள்வது அங்கே பழைய பழக்கம். 2016-ல் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றே சொல்வேன்.

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ஏன் திரும்பிப் புரளவில்லை? 2018-ல், ட்ரம்ப் ஆரம்பித்த வரிச் சண்டைக்குப் பதிலடியாக, சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டது, விலை விழுந்தது. என் பல்லவிப்படி 2020-ல் ட்ரம்ப் அடி வாங்கியிருக்க வேண்டும். ஹோவர்ட் கவுண்டியில் அவருக்கு வித்தியாசம் இன்னும் கூடியது! நஷ்ட ஈடாக அரசு செக் வந்தது, சோயா புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 1.65 டாலர் வீதம். அது பாதிக் காரணம்.

மீதிப் பாதி 2014-ல் இருக்கிறது. 1985 முதல் 30 வருஷம் அயோவாவின் இரண்டு செனட்டர்கள் குடியரசுக் கட்சி கிராஸ்லியும் ஜனநாயகக் கட்சி ஹார்கினும். ஒரே ஜனம்தான் இருவரையும் மாறி மாறி அனுப்பியது. ஹார்கின் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நின்ற வடகிழக்கு அயோவா எம்.பி. புரூஸ் பிரேலி ஒரு வக்கீல். டெக்சாஸில் வக்கீல்களிடம் நிதி திரட்டும்போது, சட்டமே படிக்காத அயோவா விவசாயி கிராஸ்லி நீதித்துறைக் கமிட்டிக்குத் தலைவராகிவிடுவார் என்று பேசினார். வீடியோ வெளியே வந்தது. எதிரே நின்ற ஜோனி எர்ன்ஸ்ட், பண்ணையில் பன்றிக்குக் காயடித்து வளர்ந்தவள் நான் என்று விளம்பரம் செய்தார். 8 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தத் தேர்தலில் சோள விலை எங்கே வந்தது சொல்லுங்கள்? நம்மை மதிப்பவர் யார் என்பதுதான் ஓட்டாயிற்று. ட்ரம்ப் அப்போது போட்டியிலேயே இல்லை. அடுத்த முறை யாராவது இந்த 2014-ஐப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுகிறேன்.