தீப்பெட்டிக்கு வாசல் ஏது, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தெருவுக்குள் வரிசை வீடுகள் வருவதை அக்கம்பக்கத்தார் தடுப்பது நியாயமா என்பது தலைப்பு. நியாயமில்லை என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழி, "அது வீடா? தீப்பெட்டி அடுக்கு!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், நீங்களும் கை தட்டினீர்கள். அம்மா, தீப்பெட்டிக்கு வாசல் ஏது? வரிசை வீட்டில் குடும்பத்துக்குக் குடும்பம் தனி வாசல், தனிப் படிக்கட்டு. பக்கச் சுவர் மட்டும்தான் பொது, அது பொதுவாக இருப்பதால்தான் ஒரே வீடு நின்ற மனையில் மூன்று குடும்பம் மண்ணில் கால் வைத்து வாழ முடிகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998-ல், தன் நடுப்பகுதியில் வீட்டுக்கு 5,000 சதுர அடி மனை என்றிருந்த குறைந்தபட்ச அளவை 1,400 வரை இறக்கியது. ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பின. வேண்டாம் என்ற தெருக்காரர்கள் மனுப் போட்டுத் தங்கள் தெருவுக்கு மட்டும் பெரிய மனை அளவைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். அந்த உரிமையை ஒத்துக்கொள்கிறேன். ஊரில் எங்குமே கட்டக்கூடாது என்றால்?

சரி, இப்படி வரிசை வீடு கட்டுவது பற்றிய ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் எழுந்தார். கையில் வரைபடம், அது முழுக்கப் பென்சில் கோடு. மூன்று மாடி வந்தால் என் முற்றத்தில் நிழல் விழும் என்றார். காலை எட்டு மணி நிழல், பத்து மணி நிழல் என்று விரல் வைத்து வைத்துக் காட்டினார். இன்ஜினியர் பதில் சொல்லி முடித்தார். "அப்போ மாலை நாலு மணிக்கு?" மறுபடி முதலிலிருந்து! அப்புறம் பார்க்கிங், என் வாசலில் யார் வண்டி நிற்கும் என்று. முக்கால் மணி நேரம் ஐயா, ஒரே ஆள்!

கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் வரைபடத்தைச் சுருட்டாமல் நின்றார். இன்ஜினியரிடம் போய், குரலைத் தாழ்த்தி, "கீழேயே ஒரு படுக்கையறை வருமா?" என்றார்.

பிள்ளைகள் வெளியூர். மனைவிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. சின்ன வீட்டுக்கு மாறலாம் என்றால் அந்தத் தெருவில் சின்ன வீடே கிடையாது. நாற்பது வருஷம் பேசிப் பழகிய பக்கத்து வீட்டு அம்மாவை விட்டு அவர் மனைவி எங்கே போவார், நடுவர் அவர்களே? நான் எட்டிப் பார்த்தேன். கீழ்த்தளத்து அறையைச் சுற்றி அவர் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். வணக்கம்.