புள்ளி இருக்கிறது, ஆள் இல்லை

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். பட்டா, சிட்டா, அடங்கல் தவிர வேறு இலக்கியம் படித்ததில்லை. அதனால் அந்தக் காகிதங்கள் சொன்னதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் ஓர் ஆச்சி அலுவலகத்துக்கு வந்தார்கள். மஞ்சள் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்தார்கள். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருந்தது. "தம்பி, இது எங்க ஐயா நிலம். இதுக்குப் பட்டா மாத்த முடியுமா?" பார்த்தால் பர்மியச் சுழி எழுத்து. நிலம் ஐராவதி டெல்டாவில்! "ஆச்சி, இது என் எல்லைக்குள்ள வராதே" என்றேன். அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அந்த நிலம் ஐயா கைக்கு வந்ததே ஒரு கதை. 1852-ல் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரன் வசமானது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை. காட்டை வெட்டி வயலாக்கக் குடியானவனுக்குப் பணம் வேண்டும். அதைக் கடனாகக் கொடுக்க நம் செட்டிநாட்டு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கப்பலேறினார்கள். இப்படிக் கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாகப் போனவன், மூன்று வருடம் ஒரு கணக்கு என்று முடித்து ஊர் திரும்புவான். அவர்கள் தேடிப் போனது வட்டியை, நிலத்தை அல்ல. 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவனால் கட்ட முடியவில்லை, வயல் கைமாறியது. அந்த வருடம் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 100-க்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-க்குள் 25 பங்கு. பாடுபட்டுக் காட்டைத் திருத்திய பர்மியக் குடியானவன் சொந்த வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான். அவன் கோபத்தையும் நாம் பேசத்தானே வேண்டும்? நம் மேடைகளில் அதைப் பேசுவதே இல்லை.

அப்புறம் 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, ஜனம் காடு மலை தாண்டி நடந்தே வந்தது. 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கப் பர்மா சட்டம் போட்டது. மிச்சம் அந்த மஞ்சள் பைதான்.

சரி, வந்த பணம் இங்கே என்ன ஆனது? பர்மாத் தேக்குத் தூணாக, இத்தாலி மார்பிளாக நின்றது. கவுனி அரிசியாகக் கல்யாண இலைக்கும் வந்தது. வயலுக்கு மட்டும் வரவில்லை. குற்றம் சொல்லவில்லை, நம் செம்மண் வானம் பார்த்த பூமி, அதில் காசைப் போட யாருக்குத் துணிவு வரும்? ஊருணி வெட்டினார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

போனது செட்டியார்கள் மட்டுமா? மலேயாத் தோட்டத்துக்கும் சிங்கப்பூருக்கும் இந்தச் சீமையிலிருந்து எல்லாச் சாதியும் போனது, இன்று வளைகுடாவுக்கும் போகிறது. அந்தக் காசு மாடி வீடாகிறது, கண்மாய்ப் பாசனத்தில் வீட்டுமனையாகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டில், அடங்கலில் 'நெல்' என்று எழுதிய சர்வே எண்ணிலேயே, ஓய்வு பெறும்போது 'தரிசு' என்று எழுதினேன். நேரில் போனால் சீமைக்கருவேலம். கண்மாய் மடை பழுதானால் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். வீட்டில் இருப்பதோ மூட்டுவலிக்காரக் கிழவி. ஒரு பட்டாவில் பதினான்கு பெயர். கையெழுத்து வாங்க ஒருவரைச் சிங்கப்பூரில் தேட வேண்டும், ஒருவரை அமெரிக்காவில்.

நகரத்தார் ஊரில் தலையை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி. எங்கே இருந்தாலும் ஊருக்குப் புள்ளிவரி. என் பழைய கிராமத்தில் போன கும்பாபிஷேகத்துக்குக் கார் நிறுத்த இடமில்லை. கண்மாய்க் கரை வரை வண்டிகள். மூன்றாம் நாள் அதே கரையில் போனேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர்தான் இருந்தார். "எல்லாரும் போயிட்டாகளா?" என்று கேட்டேன்.

"நேத்தே," என்றார், ஆட்டைப் பார்த்துக்கொண்டே.